நான் எழுதிக் கொடுத்த ரெக்கார்ட் நோட்டு

இன்ஜினியரிங் படிக்கும்போது என் பக்கத்தில் ஒரு வாலிபால் வீரன் உட்கார்ந்திருப்பான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்தவன். பாதி செமஸ்டர் மேட்சிலேயே போய்விடும், அட்டெண்டன்ஸை ஓ.டி. பார்த்துக்கொள்ளும். லேப் ரெக்கார்டை நான் எழுதுவேன். "நீ கப் அடிச்சுட்டு வா மச்சி, இதை நான் பாத்துக்கறேன்" என்பேன். அது நட்பு என்றுதான் நினைத்தேன்.

பல வருடம் கழித்து, அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தைப் பற்றிப் படித்தபோது அந்த நோட்டு ஞாபகம் வந்தது. பேஸ்கெட்பாலில் 2005, 2009 ஆண்டுகளிலும் தேசியப் பட்டம் வென்ற இடம். அங்கே 1993 முதல் 2011 வரை வகுப்பே நடக்காத பாடங்கள் இருந்தன. ஒரு கட்டுரை கொடுத்தால் போதும். பல காலம் அதற்கு மதிப்பெண் போட்டவர் பேராசிரியர்கூட இல்லை, துறை அலுவலகத்தின் ஊழியர். 2014இல் வந்த விசாரணை அறிக்கையின்படி அப்படிப் படித்தவர்கள் சுமார் 3,100 பேர். கிட்டத்தட்ட பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள். 2017இல் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அந்தப் பாடங்களுக்காகப் பல்கலைக்கழகத்தைத் தண்டிக்க முடியாது என்றது. காரணம், அவை மற்ற மாணவர்களுக்கும் திறந்திருந்தனவாம்!

இதைப் பலர் 'சலுகை' என்பார்கள். எனக்கு அது சம்பளத் திருட்டாகத் தெரிகிறது. அன்றைய விதிப்படி அந்த வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது. உழைப்புக்குக் கூலியாகச் சொல்லப்பட்டதே கல்விதான். கோப்பையை வாங்கிக்கொண்டு வெற்றுத்தாளை நீட்டினால் அதற்கு வேறென்ன பெயர்?

அதற்காக எல்லோருக்கும் ஒரே கெடு என்று அடம்பிடிப்பதும் நியாயமில்லை. விடிகாலையில் மைதானத்துக்குப் போகிறவனும், அந்த நேரத்தில் போர்வைக்குள் கிடந்த நானும் ஒன்றல்ல. நேரத்தைத் தளர்த்தலாம். தேர்வை வேறு நாளில் வைக்கலாம், கூடுதலாக ஒரு வருடம் தரலாம். பாடத்தைத் தளர்த்தக் கூடாது. நேரம் கொடுக்கக் கல்லூரிக்குச் செலவாகும், சில மேட்சுகளை விட வேண்டியும் வரும். மதிப்பெண் கொடுக்க ஒரு பைசா செலவில்லை. அதனால்தான் எல்லோரும் அதையே கொடுக்கிறோம்.

கடைசி வருடம் அவனுக்கு முழங்கால் போனது. ஒரு இன்டர்வியூவில், ரெக்கார்டில் நான் வரைந்திருந்த அதே சர்க்யூட்டைக் கேட்டிருக்கிறார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்: "உன் கையெழுத்து ஞாபகம் இருந்துச்சுடா, சர்க்யூட்தான் வரல."

நான் சிரிக்கவில்லை.