கண் திறந்த கல்

வழிபாட்டுக்குரிய உருவத்தைக் கலைப்பொருளாகப் பயணிகளுக்குக் காட்டலாமா என்ற கேள்வி, இலங்கையின் ஊவா மாகாணத்தைப் பொறுத்தவரை ஏட்டளவில் நின்றுவிடும் கேள்வியன்று. வெல்லவாயவுக்கு அருகிலுள்ள புதுருவாகலயில், 9 அல்லது 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கருதப்படும் ஏழு மகாயான பௌத்த உருவங்கள் ஒரே பாறையில் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. நடுவே ஏறத்தாழ 51 அடி உயரப் புத்தரும், அவருக்கு ஒருபுறம் கருணையின் வடிவமான அவலோகிதேசுவரரும் தாரையும் நிற்கும் அந்தப் பாறையைக் காண, எல்லவுக்கு ரயிலேறி வரும் பயணிகள் பலர் மலையிறங்கிச் செல்கின்றனர். அதே மாகாணத்தில் பசறை, நமுனுகுலை, அப்புத்தளை மலைகளின் தேயிலைத் தோட்டங்களில், வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் சுட்டாத இன்னொரு வகை உருவமும் உண்டு: மரத்தடியில் நட்ட ஒரு கல், அதில் காய்ந்து வெடித்த மஞ்சள், அதன்மேல் குங்குமம், பக்கத்தில் எலுமிச்சம்பழம் குத்திய சூலம். முன்னது சிற்பமென்றும் பின்னது வெறுங்கல்லென்றும் பிரிப்பது பயணியின் கண்ணுக்கு இயல்பு. சமயத்தின் கண்ணுக்கு அந்தப் பிரிவு அத்தனை எளிதில் பிடிபடுவதில்லை.

சைவ சித்தாந்தம் இறைவனின் திருமேனியை அருவம், உருவம், அருவுருவம் என மூன்றாகக் கொள்ளும். வடிவமின்மை அருவம், கைகால் முகம் கொண்ட திருமேனி உருவம், வடிவுண்டாயினும் உறுப்புகள் இல்லாத இலிங்கம் போன்றது அருவுருவம். உளிவேலையின் நுட்பம் தெய்வத்தன்மையைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை என்பது இந்தப் பகுப்பிலேயே அடங்கியிருக்கிறது. சிற்பி செதுக்கி முடித்த திருமேனியும் அந்த நிலையில் இன்னும் கல்லே. கண் திறக்கும் சடங்கும், தெய்வத்தை அதில் எழுந்தருளச் செய்யும் ஆவாகனமும், குடமுழுக்கும் நிகழ்ந்த பின்னரே அது வழிபாட்டுக்குரியதாகிறது. பூசை நெடுநாள் நின்றுபோனால் அந்த உருவத்துக்குப் பிராயச்சித்தச் சடங்குகள் தேவையென ஆகமங்கள் விதிப்பதிலிருந்து, திருமேனியைத் தாங்கி நிற்பது தொடர்ந்து செய்யப்படும் வழிபாடே என்பது விளங்கும்.

இலங்கையின் சிங்களச் சிற்பிகளிடம் கண் திறக்கும் சடங்கு இன்னும் மிகுந்த அச்சத்தோடு பேணப்பட்டது. நேத்திர மங்கல்யம் எனப்படும் அச்சடங்கைப் பற்றி, 1908இல் வெளியான இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலில் ஆனந்த குமாரசுவாமி எழுதியிருக்கிறார். கலைஞர் புத்த உருவத்தை நேரே பார்க்காமல் கண்ணாடியில் தெரியும் அதன் முகத்தைப் பார்த்தே கண்களைத் தீட்டுவார். பின்னர் கண்கட்டோடு வெளியே அழைத்து வரப்பட்டு, தம் முதற்பார்வை விழும் பொருளை வாளால் வெட்டுவார். செய்தவரே அதன் எதிரே நிற்க அஞ்சுவதற்குக் காரணம், அந்தக் கணத்தில் உருவம் பார்க்கத் தொடங்குகிறது என்ற நம்பிக்கை. கோயிலுக்குப் போகும் தமிழரும் தரிசனம் என்று சொல்லும்போது, தாம் சாமியைக் காண்பதோடு சாமியின் கண் தம்மேல் படுவதையும் சேர்த்தே சொல்கின்றனர். காட்சிக்கு வைக்கப்படும் உருவத்திடம் இல்லாமற்போவது இந்த மறுபாதிதான். பயணி அதைப் பார்க்கிறார். அது தம்மைப் பார்ப்பதாக அவருக்குத் தோன்றுவதில்லை.

தோட்டத்துத் தெய்வங்கள் அந்த மறுபாதியாலேயே வாழ்பவை. மாரியம்மனும் முனியாண்டியும் மாடசாமியும் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கூலியாட்களோடு வந்தவர்கள். கவ்வாத்துச்சாமியும் கொழுந்துச்சாமியும் ரோதமுனியும் இங்கேயே, வேலையின் நடுவே பிறந்தவர்கள். ரோதை என்பது தேயிலைத் தொழிற்சாலையின் சுழல்சக்கரம். கையை இழுத்துக்கொள்ளக்கூடிய அந்தச் சக்கரத்துக்கும் ஒரு காவல்தெய்வம் வேண்டியிருந்தது. தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தாழ வெட்டிவிடும் கவ்வாத்துத் தொடங்குமுன், கத்திகள் கல்லின் முன்னே வைத்துக் கும்பிடப்பட்டன. கத்தி பிடிக்கும் கையைச் சாமி பார்த்துக்கொள்ளும் என்பதே அங்கே இறையியல். தமிழில் ‘பார்த்துக்கொள்’ என்பது காப்பதையே குறிக்கும் என்பதை இங்கே மறக்கலாகாது.

இந்த மலைகளில் பயணிகளின் பார்வைக்கு இலக்காவது பெரும்பாலும் மனித உருவமே. அப்புத்தளைக்கு மேலே லிப்டன் இருக்கை என்னும் காட்சிமுனைக்குச் செல்லும் பாதை தம்பேதன்னைத் தோட்டத்தின் வழியே ஏறுகிறது. கூடை சுமந்த கொழுந்தெடுக்கும் பெண் அப்பாதையில் மலைக்காட்சியின் ஒரு பகுதியாகப் படம்பிடிக்கப்படுகிறாள். அவள் கண்ணும் படமெடுப்பவரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது என்பது படத்தில் பதிவதில்லை.

இதற்கு மாறான ஏற்பாடொன்றை, மற்றொரு பெருந்தோட்டமே காட்டியிருக்கிறது. சிம்பாப்வேயின் வடக்கே குருவே பகுதியிலுள்ள தெங்கெனெங்கேயில் புகையிலைப் பண்ணை நடத்திய டாம் புளோம்ஃபீல்ட், 1965க்குப் பின் வந்த பொருளாதாரத் தடையால் புகையிலைச் சந்தை சரிய, 1966இல் தம் பண்ணையாட்களைக் கல் செதுக்க அழைத்தார். அவர்களில் பலர் மலாவி, அங்கோலா, மொசாம்பிக் நாடுகளிலிருந்து வேலை தேடி வந்தவர்கள். மலையகத் தமிழரைப்போலப் பயிருக்காகப் பெயர்ந்தவர்கள். சர்ப்பென்டைன் என்னும் கரும்பச்சைக் கல்லில், தத்தம் ஊர் ஆவிகளையும் விலங்குகளையும் அவர்கள் வடித்தார்கள். வெளியுலகச் சந்தை அனைத்தையும் ‘ஷோனா சிற்பம்’ என்று ஒரே இனப்பெயரில் அடக்கியது பிழை. ஆயினும் சிற்பங்கள் வெட்டவெளியிலேயே நிற்க, செதுக்குபவரும் அங்கேயே வாழ்வதால், அவற்றினிடையே நடக்கும் பயணி செய்தவரின் கண்ணில் படாமல் கல்லைப் பார்க்க முடியாது. விற்பனைக்கென வடித்த, ஆவாகனம் செய்யப்படாத உருவத்தைக் காட்டுவதில் மாமல்லபுரத்துச் சிற்பிக்கும் எந்தக் குற்றமும் இல்லை. அவரைக் காணாமல் அவர் கல்லை மட்டும் காண்பதே குறை.

தோட்டத்துக் கல்லோ விற்பனைக்கு வரவில்லை, ஆனால் கைவிடப்படுவதை அறிந்திருக்கிறது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவானபின், லயங்கள் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் கிளம்பினர். அவர்கள் நட்ட கற்கள் அவர்களோடு போகவில்லை. விளக்கேற்ற ஆள் எஞ்சிய இடங்களில் சாமி எஞ்சியது. அப்படி எஞ்சிய கல்லுக்கும் அடியார்கள் செய்வது ஒன்றுண்டு: மூக்கும் வாயும் செதுக்கப்படாத அதன் முகப்பில், நேர்ந்துகொண்ட வெள்ளிக் கண்மலர் இரண்டை மஞ்சளில் அழுத்திப் பதிக்கிறார்கள்.