கிணற்றின் உரிமையும் நீரின் பொதுமையும்

காணிக்கு உரியவன் அக்காணியிலுள்ள கிணற்றுக்கும் உரியவன் என்பது யாழ்ப்பாணத்தார் ஐயமின்றி ஏற்கும் கொள்கையாகும். ஆனால் கிணற்றுக்கு உரியவன் அதில் ஊறும் நீருக்கும் உரியவனா என்னும் வினாவுக்கு அத்துணை எளிதில் விடை கூறலாகாது. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டில் இவ்வினா வெறுந் தருக்கமன்று, வாழ்வு பற்றியதாகும்.

முதற்கண் நிலத்தின் இயல்பு நோக்கற்பாலது. குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லாலானது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைநீர் அதன் வெடிப்புக்களினூடே இறங்கி, கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின்மீது நன்னீர் வில்லையாக மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்பின், கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பது அறிவியலார் கண்ட விதி. மேலே ஓரடி குறையின் கீழே உவர்நீர் நாற்பதடி உயர இடமுண்டு. ஆதலின் ஒருவன் அளவிறந்து இறைப்பது தன் கிணற்றை மட்டுமன்றி அயலவன் கிணற்றையும் உவராக்கும். வேலி நிலத்தைப் பிரிக்கும், நீரைப் பிரிக்காது.

முன்னோர் இதனை ஓரளவு உணர்ந்திருந்தனர் எனலாம். தோட்டக் கிணறுகள் பலவற்றைப் பங்காளர் முறைவைத்து இறைத்தனர். கிணற்றுப் பங்கும் வாய்க்கால் உரிமையும் காணி உறுதிகளில் எழுதப்பட்டன. துலா மிதித்து இறைத்த காலத்தில் உடலின் களைப்பே நுகர்வுக்கு எல்லையாயிற்று. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அவ்வெல்லை அகன்றது.

எனினும் பழைய முறையை மிகையாகப் போற்றுதலும் பொருந்தாது. பங்குடையார்க்கே அம்முறை நீதி வழங்கிற்று. சாதியால் விலக்கப்பட்டோர் கிணற்றுக் கட்டை அணுகவியலாது, பிறர் அள்ளி வார்க்கும்வரை குடத்துடன் காத்து நின்றனர். நீரின் பொதுமையை அறிந்த சமுதாயமே மனிதரின் பொதுமையை மறுத்தது.

இன்று கேடு வேறு வழியாலும் நேர்கின்றது. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்தமை பற்றிய வழக்கில், மின்னிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டுமென 2019 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது வரவேற்கத்தக்கதே. ஆயின் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மிகையாக இடும் செயற்கை உரமும், வீடுதோறும் உள்ள மலக்குழிகளும் வலிகாமத்து நீரில் நைத்திரேற்றைச் சேர்க்கின்றன. உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதனைக் கடந்த கிணறுகள் பல. பல்லாயிரம் கைகள் சிறுகச் சிறுகச் செய்யும் தீங்கினை எந்நீதிமன்றில் வழக்காடுவது? ஈண்டுச் சட்டம் ஓய்கின்றது; அறம் தொடங்குகின்றது.

இவ்வறம் குடாநாட்டின் எல்லையோடு நிற்பதுமன்று. கனகராயன் ஆற்று நீரை ஆனையிறவுக் கடல்நீரேரியில் தேக்கி வடமராட்சிக்குக் கொணரும் திட்டத்தைப் பொறியியலாளர் ச. ஆறுமுகம் 1950களில் வகுத்தார், அது முற்றுப்பெறவில்லை. பின்னர் 2010களில் இரணைமடு நீரைக் குடிநீராகக் கொணர முற்பட்டபோது, தம் வயல்கள் வாடுமென அஞ்சிய கிளிநொச்சி உழவர் எதிர்த்தனர். தாகம் ஒருபுறம், பயிர் மறுபுறம்; இரண்டும் நியாயமே. 2024 இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அது தாகத்தைத் தணிக்க உதவலாம். ஆனால் காலடியிலுள்ள நீரைப் பேணும் கடமையினின்று எவரையும் விடுவிக்காது.

1992 இல் டப்ளின் நகரில் கூடிய பன்னாட்டு மாநாடு, நீரை முழுமையாக நோக்கி, அதனைப் பயன்படுத்துவோர் யாவரையும் சேர்த்தே முகாமை செய்தல் வேண்டுமென வலியுறுத்திற்று. குடாநாட்டில் அம்முழுமை என்பது சுண்ணாம்புக்கல்லில் தங்கிய ஒரே நீர்நிலையாகும். கிணறு தனியுடைமையாக இருக்கலாம், நீரோ அவ்வாறன்று. கிணற்றுக்கு உரியவன் நீரின் காப்பாளனே. தான் இறைக்கும் ஒவ்வொரு வாளியிலும் அயலவனுக்கும் பிறக்கவிருக்கும் தலைமுறைக்கும் பங்குண்டு என அவன் உணருமளவிலேயே, எத்திட்டமும் பயன் தரும் என்க.