வலீமா விருந்து: விருந்தாளிக்காகவா, ஊர் பார்ப்பதற்காகவா?

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

போன மாதம் இஷாவுக்குப் பிறகு ஒரு சகோதரர் என்னைப் பார்க்க வந்தார். மகனுக்கு நிக்காஹ். கையில் ஒரு நோட்டுத் தாள். வலீமா செலவுக் கணக்கை எழுதி வைத்திருந்தார். அவர் அனுமதி தந்ததால்தான் இதைச் சொல்கிறேன்.

மண்டபம், சாப்பாடு எல்லாம் முதல் பக்கம். தாளைத் திருப்பினால், வருகிறவர்களை மகிழ்விக்கும் செலவு. இன்னிசைக் குழு 45,000. எல்.இ.டி. திரை 18,000. மாப்பிள்ளை மேடையேறும்போது வாணவேடிக்கை 12,000. ட்ரோன் கேமரா 10,000. மொத்தம் 85,000 ரூபாய்.

"பாய், இந்தப் பணம் எங்கிருந்து?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "வீட்டுக்காரம்மா நகையை அடகு வைக்கலாம்னு இருக்கேன் ஹஜ்ரத். மொய்யில வந்துடும்" என்றார்.

யோசித்துப் பாருங்கள். வலீமா சுன்னத். வட்டி ஹராம். ஒரு சுன்னத்தை நிறைவேற்ற ஹராமின் வாசலில் போய் நிற்கிறோம். நாம் அழைத்த விருந்தாளியின் கவரை நம்பி, அவருக்கே விருந்து வைக்கிறோம்.

மகிழ்ச்சி கூடாது என்று மார்க்கம் சொல்கிறதா?

இல்லை. திருமண வீடு மையத்து வீடு போல இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு மணப்பெண்ணை அன்ஸாரித் தோழர் ஒருவரின் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அப்போது நபி (ஸல்) அவர்கள், உங்களிடம் களிப்பூட்டும் நிகழ்ச்சி எதுவும் இல்லையா, அன்ஸாரிகளுக்கு அது பிடிக்குமே என்ற கருத்தில் கேட்டார்கள். புகாரியில் வரும் ஹதீஸ் இது.

அந்தக் கேள்வியைக் கவனியுங்கள். அன்ஸாரிகளுக்கு எது பிடிக்கும் என்பதை நபி (ஸல்) அவர்கள் நினைத்துப் பார்த்தார்கள். வருகிறவரின் மனம்தான் அங்கே அளவுகோல்.

ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களின் திருமணத்தில் சிறுமிகள் தஃப் அடித்துப் பாடினார்கள். பத்ரில் ஷஹீதான தங்கள் பெரியவர்களைப் பற்றிய பாட்டு. நபி (ஸல்) அவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். நாளை நடப்பதை அறியும் நபி நம்மிடையே இருக்கிறார் என்று ஒரு சிறுமி பாடியபோது மட்டும், அதை விட்டுவிட்டு முன்பு பாடியதையே பாடச் சொன்னார்கள். பாட்டை நிறுத்தவில்லை, வார்த்தையைத் திருத்தினார்கள். மகிழ்ச்சிக்கு இடம் உண்டு, அதற்கு ஒரு வரம்பும் உண்டு என்பதற்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

வசதிக்கு ஏற்ற விருந்து

அன்னை ஸைனப் (ரலி) அவர்களை மணந்தபோது நபி (ஸல்) அவர்கள் ஓர் ஆடு அறுத்து, ரொட்டியும் இறைச்சியும் கொடுத்தார்கள். ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு கைபரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்தபோது ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. தோல் விரிப்பை விரித்து, பேரீச்சம்பழம், பாலாடைக்கட்டி, நெய் வைத்தார்கள். அதுதான் வலீமா. இன்னொரு மனைவியின் வலீமாவுக்கு இரண்டு முத்து வாற்கோதுமை. இரு கைகளையும் சேர்த்து அள்ளினால் வருவது ஒரு முத்து.

இருந்தபோது ஆடு. இல்லாதபோது பேரீச்சம்பழம். எந்த வலீமாவுக்காகவும் கடன் வாங்கி அலங்கரிக்கவில்லை.

கடன் சாதாரண விஷயமா? மூன்று தீனார் கடனோடு, அதை அடைக்க எதுவும் விட்டுச் செல்லாமல் இறந்த ஒருவரின் ஜனாஸா வந்தபோது, நபி (ஸல்) அவர்கள் தாம் தொழவைக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பிறகுதான் தொழவைத்தார்கள். அவர் எதற்காக வாங்கினாரோ, நமக்குத் தெரியாது. நாம் வாங்குவது எதற்கு? பத்து நொடி வாணவேடிக்கைக்கு.

என் வீட்டில் நடந்தது

அந்தச் சகோதரருக்கு உபதேசம் செய்யும் முன்பு என் கதையைச் சொன்னேன். உங்களிடமும் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் என் தம்பியின் வலீமா. "நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு பேர் இருக்கு" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். இசைக்குழு வந்தது. பெரிய பெரிய ஸ்பீக்கர். என் உஸ்தாத், நான் யாரிடம் புகாரி ஷரீஃப் ஓதினேனோ அந்த உஸ்தாத், வயதான காலத்தில் இரண்டு பஸ் மாறி வந்தார்கள். வாசலில் நின்றார்கள். நான் ஓடிப்போய், "வீட்டுல பெண்கள் ஆசைப்பட்டுட்டாங்க உஸ்தாத்" என்றேன். தம்பியை வாசலுக்கு அழைத்து துஆ செய்தார்கள். என் கையைப் பிடித்து ஸலாம் சொன்னார்கள். சாப்பிடாமல் திரும்பிப் போய்விட்டார்கள்.

அவர்களிடமே நான் ஓதிய பாடம் அது. இப்னு உமர் (ரலி) அவர்களின் வீட்டு விருந்துக்கு அபூ அய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்கள் வந்தார்கள். சுவரில் திரைத்துணி அலங்காரம். பெண்கள் எங்களை மிகைத்துவிட்டார்கள் என்று இப்னு உமர் (ரலி) காரணம் சொன்னார்கள். மற்றவர்கள் விஷயத்தில் பயந்திருக்கிறேன், உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை என்ற கருத்தில் சொல்லிவிட்டு, சாப்பிடாமலே திரும்பினார்கள் அபூ அய்யூப் (ரலி).

அவர்கள் காலத்தில் ஒரு திரைத்துணி. என் வீட்டில் ஸ்பீக்கர். காரணம் மட்டும் அதே காரணம். அதுவும் என் விஷயத்தில் பொய். ஆசைப்பட்டது பெண்கள் மட்டுமல்ல, நானும்தான்.

சகோதரர்களே! வலீமா அழைப்பை ஏற்பது கடமை என்பது பெரும்பாலான இமாம்களின் கருத்து. ஆனால் அங்கே மார்க்கம் தடுத்த காரியம் நடந்து, அதைத் தடுக்கவும் முடியாது என்றால் அந்தக் கடமை நீங்கிவிடும் என்று ஃபுகஹாக்கள் சொல்கிறார்கள். அப்படியானால் 45,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கியது என்ன? யாருடைய துஆ வேண்டும் என்று அழைத்தேனோ, அவர் உள்ளே வரமுடியாமல் செய்ததைத்தான்.

எப்படித் திட்டமிடுவது?

அன்று இரவு அவரும் நானும் அந்தத் தாளின் பின்பக்கத்தை அடித்துவிட்டு மறுபடி எழுதினோம்.

முதலில், கடன் இல்லாமல் கையில் இருப்பது எவ்வளவு என்று எழுதுங்கள். மொய்யைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது வந்தால் அன்பளிப்பு, வராவிட்டால் வருத்தம் இல்லை.

இரண்டாவது, யார் யாரை அழைப்பது. பணக்காரர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா உணவுதான் உணவுகளில் மிகக் கெட்டது என்று ஹதீஸில் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரரும், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவும், பள்ளிவாசலைச் சுத்தம் செய்பவரும் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது, உணவு. அதன் பிறகு வருகிறவர்களின் வசதி. முதியவர்களுக்கு நாற்காலி, மின்விசிறி, குடிதண்ணீர், பெண்களுக்குத் தொழ ஓர் இடம். இதுவும் விருந்தோம்பல்தான்.

கடைசியாக மிஞ்சுவதில்தான் மகிழ்ச்சி நிகழ்ச்சி. ஒவ்வொரு செலவுக்கும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: யாரும் செல்போனில் படம் எடுக்கமாட்டார்கள் என்றால் இதைச் செய்வேனா? மாட்டேன் என்றால் அது விருந்தாளிக்கான செலவு அல்ல.

சாப்பாடு போக அவரிடம் இருந்தது 14,000 ரூபாய். நாற்காலிக்கும் மின்விசிறிக்கும் 5,000. மதரஸா பிள்ளைகளின் தஃப் பைத்துக்கு அன்பளிப்பு 4,000. சின்ன மைக் செட் 3,000. வாசலில் சீரியல் லைட் 2,000. பெண்கள் பகுதியில் வீட்டுச் சிறுமிகளே தஃப் அடித்துப் பாடுவார்கள். அதற்குச் செலவே இல்லை.

எல்லாம் சுலபமாக முடியவில்லை. இசைக்குழுவுக்குக் கொடுத்த முன்பணம் 5,000 போய்விட்டது. மகனுக்கு இரண்டு நாள் கோபம். ட்ரோனாவது இருக்கட்டும் என்று வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறதாம். ஆனால் நகை பெட்டியில் இருக்கிறது, வட்டிக் கடைக்குப் போகவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

வீண் விரயம் செய்பவர்கள் ஷைத்தானின் சகோதரர்கள் என்று பனூ இஸ்ராயீல் சூராவில் அல்லாஹ் எச்சரிக்கிறான். விரயமும் செய்யாமல், கஞ்சத்தனமும் காட்டாமல் நடுநிலையாகச் செலவு செய்பவர்களை ஃபுர்கான் சூராவில் தன் அடியார்கள் என்று புகழ்கிறான். நம் பிள்ளைகளின் வாழ்க்கை எந்தப் பக்கம் தொடங்க வேண்டும்? அதை முடிவு செய்வது நாம் எழுதும் அந்த நோட்டுத் தாள்தான்.

யா அல்லாஹ்! எங்கள் திருமணங்களை எளிமையானதாகவும் பரக்கத் நிறைந்ததாகவும் ஆக்குவாயாக! வட்டியிலிருந்தும், அடைக்க முடியாத கடனிலிருந்தும், பெருமையிலிருந்தும் எங்கள் குடும்பங்களைக் காப்பாயாக! எங்கள் விருந்துகளில் ஏழைகளின் வயிறு நிறையவும், நல்லவர்களின் துஆ கிடைக்கவும் அருள் புரிவாயாக!

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.