கணக்கு எதுவரை போதும்?

தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுத 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஐந்து பாடங்கள். ஒன்றோ இரண்டோ மொழிப்பாடம். மற்றவற்றை மாணவரே தேர்ந்துகொள்ளலாம். கணிதம் கட்டாயமில்லை. பட்டியலில் கணிதமும் இருக்கிறது, மனையியலும் இருக்கிறது, ஓவியமும் இருக்கிறது. வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைகளில் பலர் கடைசியில் வந்துசேரும் வாசல் இது. கணக்கைக் கண்டு நடுங்கும் ஒரு பிள்ளைக்கு இந்த ஏற்பாடு எத்தனை பெரிய ஆறுதல் என்பதை அறிவேன். அதைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. ஆனால் என் மகள் ஒன்பது வயதில் பள்ளியிலிருந்து நின்றபோது, அறிவுரை சொல்ல வந்தவர்களில் நான்கு பேர் முதல் பேச்சிலேயே இந்தப் பட்டியலைச் சுட்டிக்காட்டினார்கள். "பொம்பளப் பிள்ளைதானே, கூட்டல் கழித்தல் தெரிஞ்சா போதும். கணக்கை விட்டுட்டு மனையியல் எடுக்கட்டும்." நால்வரில் மூவர் பெண்கள்.

அவள் ஏன் பள்ளியை விட்டாள் என்பது அவளுடைய கதை. விருப்பமிருந்தால் அவளே ஒருநாள் எழுதட்டும். நான் எழுத நினைப்பது அந்தப் 'போதும்' பற்றி. பந்தியில் இலைக்கு மேல் கையை மறித்துப் போதும் என்று சொல்வது உண்பவர்தான். பரிமாறுகிறவர் சொன்னால் அது அவமதிப்பு. பெண்பிள்ளையின் படிப்பில் மட்டும் பரிமாறுகிறவர்களே போதும் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம்.

இது வீடுகளோடு நின்ற பழக்கமும் அல்ல. பெண்களுக்குத் தனிப் பாடத்திட்டம் வேண்டும், கடினமான கணக்கு அவர்களுக்கு எதற்கு என்ற விவாதம் இந்தியாவில் நெடுங்காலம் நடந்தது. 1960களில் ஹன்சா மேத்தா தலைமையிலான குழு ஆண், பெண் என்று பாடத்தைப் பிரிக்கக் கூடாது என்றது. 1966இல் அறிக்கை தந்த கோத்தாரி கல்விக் குழு அதை ஏற்று, பள்ளிப்படிப்பின் முதல் பத்தாண்டுகளில் அறிவியலும் கணிதமும் எல்லாருக்கும் பொது என்று பரிந்துரைத்தது. இன்று ஒரு கிராமத்துப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் சமன்பாடு தீர்க்கும் பெண், தன் விருப்பத்தால் மட்டும் அங்கே வந்து உட்காரவில்லை. அவளுக்காக யாரோ வாதாடியிருக்கிறார்கள். பள்ளியை விட்டு வீட்டுக்குள் வந்ததும் அந்த வாதம் செல்லுபடியாவதில்லை. வீட்டில் கோத்தாரி இல்லை, நாங்கள்தான் இருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் எங்கள் மகளை வீட்டில் வைத்துப் படிக்கவைத்தால் அது 'மாற்றுக்கல்வி'. வயதுக்கு வந்தாள் என்று ஒரு பெண்ணை வீட்டில் நிறுத்தினால் அதற்கு அந்தப் பெயர் கிடையாது. எனக்குச் சம்பளமும் புத்தக அலமாரியும் இருக்கின்றன. ஆனாலும் வீடு என்பது பெண்ணை நிறுத்திவைத்த இடம் என்ற வரலாறு என் வீட்டு வாசலோடு நின்றுவிடுவதில்லை. அதனால்தான் எந்தக் கணக்குப் புத்தகம் என்ற கேள்வி எனக்கு வெறும் புத்தகக் கேள்வியாக இல்லை.

வழிகள் பல இருந்தன. தமிழ்நாட்டுப் பாடநூல், தேசிய வாரியத்தின் பாடநூல், சிங்கப்பூர் முறையில் பட்டைகள் வரைந்து கணக்கைக் கண்ணால் காணவைக்கும் நூல்கள், தினமும் பயிற்சித்தாள் நிரப்பவைக்கும் குமோன் போன்ற மையங்கள். குமோனின் கதையை இடையில் சொல்லிவிடுகிறேன். 1954இல் ஜப்பானில் இரண்டாம் வகுப்புப் படித்த மகனின் மோசமான தேர்வுத்தாளைப் பார்த்துவிட்டு, ஏதாவது செய்யுங்கள் என்று கணவரிடம் சொன்னவர் டெய்கோ குமோன் என்ற தாய். உயர்நிலைப்பள்ளிக் கணித ஆசிரியரான டோரு குமோன் மகனுக்காகக் கையால் எழுதிய தாள்களிலிருந்து அந்த முறை பிறந்தது. நிறுவனர் என்று உலகம் அறிந்தது டோருவை. தாளைப் பார்த்துக் கவலைப்பட்டவரின் உழைப்புக்குப் பெயர் எப்போதும் கொஞ்சம் சிறிய எழுத்தில்தான் அச்சாகிறது.

வேகமாகக் கணக்குப் போடும் பயிற்சியை நான் ஏளனம் செய்யமாட்டேன். வாய்பாடு தெரியாமல் பின்னத்தில் தவிக்கும் பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். ஆனால் என் மகள் நூறு கூட்டல்களைச் சரியாகப் போட்டுவிட்டு, 8 + 4 = □ + 5 என்ற ஒற்றைக் கணக்கில் கட்டத்துக்குள் 12 என்று எழுதினாள். பல பிள்ளைகள் அப்படித்தான் எழுதுகிறார்கள். சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். சமக்குறி என்றால் 'இங்கே விடையை எழுது' என்று அவர்கள் நெடுநாள் பழகியிருக்கிறார்கள். 1557இல் ராபர்ட் ரெக்கார்டு இரண்டு இணைகோடுகளை இந்தக் குறிக்குத் தேர்ந்ததற்குச் சொன்ன காரணம், அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் வேறில்லை என்பது. அதில் கட்டளை எதுவும் இல்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே எடை, அவ்வளவுதான். நாங்கள் ஒரு மாதம் தராசோடு உட்கார்ந்தோம். புளி, உளுந்து, எடைக்கற்கள். ஒரு தட்டில் எடுத்தால் மறு தட்டிலும் எடு. இயற்கணிதத்துக்குப் போகும் பாதை இந்த இடத்தில்தான் திறக்கிறது என்பது என் அனுபவம். சமம் என்ற சொல்லுக்காக மேடையேறிப் பேசிய எனக்கு, அதை ஒரு பத்து வயதுப் பெண்ணுக்குத் தராசில் காட்ட ஒரு மாதம் ஆனது.

பின்னத்துக்கு ஆசிரியை என் மாமியார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அவரிடம் பழைய பித்தளை அளவைகள் இருக்கின்றன: உரி, உழக்கு, ஆழாக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி, நான்கு உழக்கு ஒரு படி. மூன்று ஆழாக்கும் ஓர் உழக்கும் சேர்ந்தால் ஐந்து ஆழாக்கு என்பதை மகள் அரிசியிலேயே கண்டுகொண்டாள். பகுதியைச் சமப்படுத்தும் விதியை நான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு மூன்றில் ஒரு படி எது என்று கேட்டாள். "மூணுல ஒண்ணா? அப்படி அளவு கிடையாது பாப்பா" என்றார் அத்தை. அதுதான் உண்மை. சமையலறை அரையாக்கி அரையாக்கிப் போகும். அங்கே மூன்றில் ஒன்றுக்கும் ஏழில் ஒன்றுக்கும் பாத்திரம் இல்லை. வீட்டுக்கல்வி பற்றிப் பேசுகிறவர்கள் சமையலறையே சிறந்த கணிதக்கூடம் என்று உற்சாகமாகச் சொல்லும்போது நான் சற்றுத் தள்ளி நிற்கிறேன். மகன்களின் தாய்மாருக்கு இந்த யோசனை அவ்வளவு தாராளமாகக் கிடைப்பதில்லை. அங்கிருந்து தொடங்கலாம், தப்பில்லை. மறுவாரமே நாங்கள் பட்டைகள் வரையத் தொடங்கிவிட்டோம்.

அத்தையின் மனக்கணக்கு முழுமையாக வெளிப்படுவது ஏலச்சீட்டில். இருபது பேர், ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய். ஒருவர் 4,000 தள்ளி எடுத்தால் அந்தப் பணம் இருபது பேருக்கும் 200 வீதம் பிரியும், ஆளுக்கு 800 கட்டினால் போதும். 3,500 என்றால் 825. 2,700 என்றால் 865. ஏலம் முடிவதற்குள் அவர் சொல்லிவிடுவார். இவ்வளவு தெரிந்தவர் ஒருமுறை தோற்றிருக்கிறார். சீட்டுப் பிடித்தவர் காகிதத்தில் எழுதிக் காட்டிய கணக்கு தப்பென்று அவருக்குத் தெரிந்தது. எங்கே தப்பு என்று மற்றவர்கள் முன்னால் காட்ட முடியவில்லை. அவருடைய கணக்கு அவர் வாயில் இருந்தது. எதிரே காகிதம் இருந்தது. கூட்டம் காகிதத்தை நம்பியது.

மகள் தள்ளுத்தொகைக்கு 'த' என்று பெயர் வைத்தாள். கட்ட வேண்டியது 1000 − த/20. "எல்லா மாசத்துக்கும் இந்த ஒரு வரிதானா?" என்று அத்தை இரண்டு முறை கேட்டார். எண்கணிதம் இந்த மாதத்துக்கு விடை சொல்லும். அந்த எழுத்து இன்னும் நடக்காத ஏலத்துக்கும் சேர்த்துப் பேசுகிறது, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம் என்று நடுவில் கிடக்கிறது. வீட்டுச் செலவுக்கு எண்கணிதம் போதும் என்பது சரி. வீட்டுக்கு வெளியே ஒரு விதியை எழுதவும் எதிர்க்கவும் அது போதாது.

சொல்லாராய்ச்சியில் எனக்குள்ள பலவீனத்தை வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் பழைய நூல்களில் இது பீஜகணிதம், விதையின் கணிதம். ஈழத்தில் அட்சரகணிதம். நம் பிள்ளைகளுக்கு இயற்கணிதம். அல்ஜீப்ரா என்ற பெயரோ, ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பிலிருந்து வந்தது. அந்த நூலின் பெரும்பகுதி சொத்துப் பங்கீட்டுக் கணக்கு: இறந்தவரின் சொத்தில் மனைவிக்கு எவ்வளவு, மகனுக்கு எவ்வளவு, மகனுக்குக் கிடைப்பதில் பாதியாக மகளுக்கு எவ்வளவு. நம் ஊரில் அந்தப் பாதியும் இல்லாத காலம் நீண்டது. இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை என்று தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது 1989இல்தான். அதுவும் அதற்கு முன் மணமானவர்களை விட்டுவிட்டு. தெரியாத எண்ணுக்குப் பெயர் வைத்து அதைத் தேடும் கலை பிறந்த வீட்டிலேயே, மகளின் பங்கு எவ்வளவு என்ற கேள்வியும் உட்கார்ந்திருந்திருக்கிறது.

பதினோரு வயதில் மகள் கணக்கு வேண்டாம் என்றாள். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் வரும் என்ற இடத்தில் நோட்டை மூடினாள். "யாரோ முடிவு பண்ணிட்டு நம்மள நம்பச் சொல்றாங்கம்மா." பெண்ணியவாதிக்குப் பிறந்த பிள்ளையிடம் இதற்கு என்ன மறுப்புச் சொல்வது? மூன்றை −2ஆல் பெருக்கினால் −6, இரண்டைப் பெருக்கினால் −4, ஒன்றை −2, சுழியை 0 என்று வரிசையாக எழுதிக் கொடுத்தேன். அடுத்து −1. பார்த்துக்கொண்டே இருந்தவள் தானே 2 என்று எழுதினாள். கோபம் தணியவில்லை. "இதை ஏன் முதல்லயே சொல்லல?" என்றாள். அன்று மாலையும் வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

எங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு 'வேண்டாம்' உண்டு. அத்தை ஆறாம் வகுப்புக்குப் போகாததற்குக் குடும்பம் சொல்லும் காரணம், "அவளேதான் வேண்டாம்னுட்டா." நடுநிலைப்பள்ளி நான்கு மைல் தள்ளியிருந்தது. உண்மையா என்று அரிசி களைந்துகொண்டிருந்தவரிடம் கேட்டேன். "நான்தான் வேண்டாம்னு சொன்னேன். வேணும்னு சொல்லியிருந்தா யாரும்மா கூட வந்திருப்பா?"

அதற்குப் பிறகு எந்தப் பெண்ணின் 'வேண்டாம்' என்றாலும் இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சேர்த்துத்தான் எனக்குக் காதில் விழுகிறது. வேண்டும் என்று சொன்னால் கூட நடக்க ஆளிருந்ததா? இருந்தால் அந்த மறுப்பு அவளுடையது. இல்லையென்றால் அது தூரத்தின் மறுப்பு, அவள் வாயால் வந்திருக்கிறது.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. உன் விருப்பம் உண்மையில் உன்னுடையதல்ல என்று சொல்லித்தான் பெண்களை எதற்கும் பணியவைத்திருக்கிறார்கள். பிள்ளையின் விருப்பத்தை மட்டுமே பின்பற்ற வேண்டும் என்று நம்பும் வீட்டுக்கல்வித் தோழி ஒருத்தி, பள்ளி செய்ததையே நீயும் செய்கிறாய் என்றாள். ஓரளவு செய்கிறேன்தான். தாய்க்கு அதிகாரம் இல்லை என்று நடிப்பதைவிட, இவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்லிவிடுவது நேர்மை என்று நினைக்கிறேன். எனவே மகளிடம் எல்லையைச் சொன்னேன்: நாளுக்கு நாற்பது நிமிடம், தேர்வு கிடையாது, இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடமாட்டோம். ஒரு மாறியில் அமைந்த சமன்பாடு வரை வா. அதற்குப் பிறகு நீ வேண்டாம் என்றால் நான் கேள்வி கேட்கமாட்டேன். யோசித்துவிட்டு முப்பது நிமிடம் என்று பேரம் பேசினாள். ஒப்புக்கொண்டேன்.

கூட நடப்பது யார் என்பதிலும் வீடு ஒரு தீர்ப்பு வைத்திருந்தது. என் இணையர் பொறியாளர்; எனவே கணக்கு அப்பாவுக்கு, தமிழ் அம்மாவுக்கு. எல்லாருக்கும் வசதி. கணக்கை நானே எடுத்துக்கொள்வதென்று முடிவு செய்தேன். பத்தாம் வகுப்போடு விட்ட இயற்கணிதத்தை இரவில் அவளுக்கு இரண்டு பாடம் முன்னால் ஓடிப் படித்தேன். அம்மாவுக்குக் கணக்கு வராது, ஆனால் மகளுக்கு வரவேண்டும் என்று வாயால் சொல்லிப் பயனில்லை என்று தோன்றியது. அந்த நேரம் எனக்கு வானத்திலிருந்து விழவில்லை. வாரம் நான்கு இரவுச் சமையலை அவர் எடுத்துக்கொண்டார். அந்த நான்கு நாள்களும் பாடத்திட்டத்தின் பகுதி என்றே கணக்கில் வைத்திருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு முழுநாளும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் தாய்மாரைத் தியாகிகள் என்று புகழ்வதைக் கேட்கும்போது, அவர்கள் வீட்டில் சமைப்பது யார் என்று கேட்கத் தோன்றுகிறது.

சென்ற மாதம் ஒரு மாறிச் சமன்பாடுகள் முடிந்தன. ஒப்பந்தப்படி கேட்டேன். இப்போது சொல்லமாட்டேன் என்றாள். படிவத்தில் ஐந்து பாடங்களை எழுத அவளுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. ஓவியம் உறுதி, தமிழும் உறுதி. இதற்கிடையில் அப்பாயியின் புதுச் சீட்டில் ஆள் இருபத்தைந்தாகிவிட்டது, சீட்டுப் பிடிப்பவருக்கு நூற்றுக்கு ஐந்து கழிவும் உண்டாம். பழைய வரி பொருந்தவில்லை என்று இருவரும் காகிதத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.