பல்லக்கின் கீழே ஒரு குரல்



அண்மையில் மேருவில், ஒரு கோயில் மண்டபத்தில் இளைஞர்களுக்கான தலைமைத்துவ முகாம். என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒரு தம்பி எழுந்தார். "ஐயா, நல்ல தலைவருக்கு என்னென்ன குணம் வேணும்? லிஸ்ட் கொடுங்க, எழுதிக்கிறோம்." என்னிடம் லிஸ்ட் இல்லை. ஒரு கதைதான் இருந்தது. அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பெரியபுராணத்தில் வருவது. திருஞானசம்பந்தர் பாண்டிய நாட்டுப் பணியை முடித்துவிட்டு, முத்துச் சிவிகையில் சோழ நாட்டுக்குத் திரும்பி வருகிறார். அப்பர் சுவாமிகள் அப்போது திருப்பூந்துருத்தியில் மடம் அமைத்துத் தங்கியிருக்கிறார். வயதில் மிக மூத்தவர். சம்பந்தரோ சின்னப் பிள்ளை. இவரை "அப்பரே" என்று வாயார அழைத்த பிள்ளை. பெரியவர் மடத்து வாசலில் நின்று வரவேற்றிருக்கலாம், யார் குறை சொல்லப் போகிறார்கள்? ஆனால் அவர் எதிரே போனார். கூட்டத்தில் புகுந்து, சிவிகை தூக்குகிறவர்களோடு ஒருவராகத் தோள் கொடுத்தார். யாருக்கும் தெரியவில்லை.

பூந்துருத்தி நெருங்கியதும் சம்பந்தர் கேட்கிறார்: "அப்பர் எங்கே இருக்கிறார்?" பதில் கீழேயிருந்து வருகிறது. இங்கேதான் இருக்கிறேன், உங்களைத் தாங்கி வரும் பேறு கிடைத்தது என்ற பொருளில். பதறிப்போய்க் கீழே இறங்கினார் சம்பந்தர். இருவரும் ஒருவரை ஒருவர் வணங்கினார்கள்.

இதைச் சொன்னதும் முகாமில் பாதிப் பேர் நோட்டில் "பணிவு" என்று எழுதினார்கள். நான் சும்மா விடவில்லை. பல்லவ மன்னன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது, வர முடியாது என்று மறுத்து நின்றவரும் இதே அப்பர்தானே? கூழைக் கும்பிடு வேறு, தோள் கொடுப்பது வேறு. மன்னனுக்கு முன்னால் குனியாத தோள்தான் அன்றைக்குச் சிவிகைக்குக் கீழே போனது.

நம்ம ஊரிலும் ஒரு சம்பந்தன் இருந்தார். பிரிக்பீல்ட்ஸில் நாம் சாப்பிட, துணி எடுக்க அலைகிறோமே, ஜாலான் துன் சம்பந்தன், அந்தப் பெயருக்கு உரியவர். சுங்கை சிப்புட்டில் 1919-ல் பிறந்தவர். 1955-ல் ம.இ.கா. தலைவரானவர், நாட்டின் முதல் அமைச்சரவையில் இருந்தவர். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். பால்மரம் சீவிப் பிழைத்தவர்களுக்கு வேலையும் போனது, லயத்து வீடும் போனது. உங்கள் தாத்தா பாட்டியைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

அமைச்சர் என்ன செய்யலாம்? அறிக்கை விடலாம். இவர் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போனார். ஒரு பங்கு 100 வெள்ளி. அன்றைய தோட்டக் கூலிக்கு அது பெரிய காசு. தவணையில் கட்டச் சொன்னார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. மரம் சீவியவர்களே தோட்டத்தில் பங்குதாரர்கள்! அப்பாவிடமிருந்து வந்த சொத்தைப் பொதுவாழ்வில் கரைத்தவர் அவர். பிறகு கட்சிக்குள் எதிர்ப்பு எழுந்து, 1973-ல் தலைமைப் பதவியை விட்டு விலகினார். 1979-ல் காலமானார். சங்கம் இருக்கிறது.

சரி, ஊரார் கதை போதும். என் கதைக்கு வருகிறேன்.

எனக்கு இருபத்தாறு வயதில் கோயில் இளைஞர் பகுதித் தலைவர் பதவி கிடைத்தது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். பதினெட்டு வயசுத் தம்பி ஒருவர் விடிய விடிய அண்டா கழுவினார். காலையில் பெரிய மனிதர் ஒருவர் வந்தார். மாலை, படம், எல்லாம். அந்தத் தம்பி ஈரச் சட்டையோடு ஓரமாக வந்து நின்றார். நான் திரும்பிப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன். அவரும் தள்ளி நின்றார். படம் நன்றாக வந்திருந்தது.

அவர் அதற்குப் பிறகு வரவில்லை. வரவில்லை என்பதே எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் உறைத்தது. ஆடித் திருவிழாவுக்கு அண்டா கழுவ ஆள் தேடியபோது!

பல வருடம் கழித்து, கிள்ளானில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். "அட, அதெல்லாம் பழைய கதைண்ணே" என்று சிரித்தார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். கோயிலுக்கு வாங்க தம்பி என்றேன். தலையாட்டினார்.

இப்போது அவர் மகன் ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்புக்கு வருகிறான். வாசலில் மோட்டார்சைக்கிளை நிறுத்தி, பையனை இறக்கிவிட்டு, என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போய்விடுகிறார். உள்ளே இன்னும் வரவில்லை.