ஊன்றிய கால்

கபடியில் பாடிப் போய்த் தொட்டுத் திரும்புகிறவனுக்குத் திடல் முழுக்கக் கைதட்டல். எதிரணிக்காரன் பாடி வரும்போது தன் மூலையை விட்டு அசையாமல் ஒருவன் நிற்கிறான். அவன் நிற்பதாலேயே வந்தவன் அந்தப் பக்கம் வராமல் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். நின்றவன் ஏதாவது செய்தானா, இல்லையா? மலேசியாவின் கெடா மாநிலத்தில், புக்கிட் செலம்பாவ் வட்டாரத்தில் இடைநிலைப்பள்ளிப் பையன்களுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கும் எனக்கு இந்தக் கேள்வி திடலோடு முடிவதில்லை. கோயிலில் கைகூப்பி நிற்கும்போதும் கூடவே வந்து நிற்கிறது.

இந்தக் கேள்வியை எழுப்பியவன் எங்கள் அணியில் மூலை காக்கும் நான்காம் படிவ மாணவன். ஓர் ஆட்டம் முழுக்க எதிரணியின் நல்ல ரைடர் அவன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த பக்கமே போய்ப் போய் மாட்டிக்கொண்டான். நாங்கள் ஜெயித்தோம். "சார், பிடிச்சதெல்லாம் அவங்கதான். நான் சும்மா நின்னேன், அவ்ளோதான்" என்றான். பொய்யடக்கம் இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டான்.

அவன் சும்மா நிற்கவில்லை என்பதை விளக்க ஆட்டத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆண்கள் ஆடும் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன், அதற்கு ஒரு மீட்டர் பின்னால் போனஸ் கோடு. பாடி வருகிறவனுக்கு 30 விநாடி. காக்கிற ஏழு பேரும் வில்லாக வளைந்து நிற்பார்கள்: இரண்டு மூலை, இரண்டு இன், இரண்டு கவர், நடுவில் ஒருவன். பக்கத்திலிருப்பவனோடு விரல் கோத்துக்கொள்வது சங்கிலி. நான் பையன்களிடம் ஓயாமல் சொல்வது ஒன்று: அவன் கையைப் பார்க்காதே, இடுப்பைப் பார். கை பொய் சொல்லும், தோள் பொய் சொல்லும், கண்ணும் பொய் சொல்லும். இடுப்பு திரும்பிய பக்கம்தான் உடம்பு போகும். அதுவரை உன் பின்னங்கால் மண்ணை விட்டு வரக் கூடாது. ஆசைப்பட்டு அரை விநாடி முன்னால் பாய்ந்துவிட்டால் போதும், உனக்கும் உன் பக்கத்தில் நிற்பவனுக்கும் நடுவில் ஓர் ஆள் நுழையும் வழி திறந்துவிடும். பிடி தவறியது ஒருவனுக்கு, அவுட்டாகி வெளியே போவது மூன்று பேர்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஆடும் கால்பந்திலும், அதாவது பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அந்த ஆட்டத்திலும், இதே பாடம்தான் என்று காணொளிகளில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அங்கே நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். ஓடி வருகிறவனைத் தடுக்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர்கள், எதிர்வரிசை ஆட்களுக்கு நடுவிலுள்ள சந்துகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்து கொடுத்து, ஆளுக்கொரு சந்தை ஒப்படைக்கிறார்கள். பந்து எங்கே போனாலும் முதலில் உன் சந்தை அடை, பிறகு பந்தைத் தேடு என்பது கட்டளை. ஆர்வத்தில் பந்தைத் துரத்தியவன் விட்டுவந்த சந்து வழியாகத்தான் எதிரி ஓடுகிறான். முதல் இரண்டு ஓட்டங்களை அடைத்துவிட்டால் மூன்றாவது முயற்சியில் எதிரணிக்கு நெருக்கடி. கபடியிலும் அப்படித்தான்: தொடர்ந்து இரண்டு பாட்டு வெறுமையாகப் போனால் மூன்றாவது பாட்டில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையேல் பாடியவன் வெளியே. அந்த இரண்டு வெற்றுப் பாட்டையும் சம்பாதித்துக் கொடுப்பவர்கள் அசையாமல் நின்றவர்கள். ஸ்கோர் பலகையில் அவர்கள் பெயர் வராது.

விதிவிலக்கும் உண்டு: 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஈரான் இந்தியாவை 27–18 என்று அரையிறுதியில் வீழ்த்தியது. 1990-இல் கபடி ஆசிய விளையாட்டுக்குள் வந்ததிலிருந்து அதுவரை ஆண்கள் தங்கத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காத அணி இந்தியா. மூலை காக்கும் ஈரானியர் ஃபசல் அட்ராச்சலியை அதே ஆண்டு இந்தியாவின் புரோ கபடி ஏலத்தில் 1 கோடி ரூபாய்க்கு எடுத்திருந்தார்கள். காவலுக்கு விலை உண்டு என்று உலகம் ஒப்புக்கொண்ட அபூர்வமான நாள் அது. ஆனாலும் ஒன்று கவனியுங்கள்: அவருக்கும் கணக்கெழுதுவது பிடித்த பிடிகளுக்குத்தான். அவருக்குப் பயந்து திரும்பிப் போனவர்களின் கணக்கு எங்கும் இல்லை.

அப்படிக் கணக்கில் வராத காவல் என் அப்பாவுடையது. ரப்பர் தோட்டத்தில் ஜாகாவாக, அதாவது காவலாளியாக இருந்தவர். இரவெல்லாம் ஸ்டோரைக் காப்பார். உள்ளே ரப்பர் ஷீட்டுகளும் ஒட்டுப்பால் மூட்டைகளும் அடுக்கியிருக்கும். விடியும் முன்பு, தொங்கவிட்ட தண்டவாளத் துண்டைத் தட்டித் தொழிலாளர் லயத்தை எழுப்புவார். ஆட்கள் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்குக் கிளம்புவார்கள், அப்பா வந்து படுப்பார். அவர் காத்த காலம் முழுக்க ஸ்டோரில் திருடு போனதில்லை. அதனால் அவரைப் பற்றி யாரும் பேசியதும் இல்லை. திருடு போயிருந்தால் மறுநாளே கணக்கெழுதும் கிராணி அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பார். காவல்காரன் பெயர் வெளியே வருவது காவல் தோற்ற அன்று மட்டும்தான்.

அதே தோட்டத்தின் எல்லையில் மரத்தடியில் காவல் தெய்வம் முனியாண்டி இருந்தார். கையில் அரிவாள், காலடியில் சுருட்டும் எலுமிச்சம்பழமும். வருடத்துக்கு ஒருமுறை சேவல் அறுத்துப் பொங்கல் வைப்பார்கள். யோசித்துப் பார்த்தால் அது என்ன பூசை? பாம்பு கடிக்காமல், பிள்ளைகளுக்கு நோய் வராமல், பால் காட்டில் யாரும் காணாமல் போகாமல் ஒரு வருடம் கழிந்ததற்கான பூசை. நடக்காதவற்றுக்கு நன்றி சொல்லத் தெரிந்த சனம் நம் சனம். சாமிக்கு அந்த நன்றியைச் சொன்னோம், ஜாகாவுக்குச் சொல்லவில்லை.

சைவ சித்தாந்தம் இந்த இடத்தில் எனக்குக் கைகொடுக்கிறது. இறைவனின் தொழில் ஐந்து: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். பதினான்கு சாத்திரங்களில் ஒன்றான உண்மை விளக்கம், நடராசர் திருமேனியில் இந்த ஐந்தையும் காட்டுகிறது. உடுக்கை படைப்பு, அஞ்சேல் என்று அமைந்த கை காப்பு, நெருப்பு அழிப்பு. தூக்கிய திருவடி அருள். ஊன்றிய திருவடிதான் மறைப்பு. கோயிலில் நாம் எல்லோரும் தேடுவது தூக்கிய திருவடியை. பாட்டுகளும் அதையே கொண்டாடுகின்றன. ஆனால் ஆட்டத்தின் முழு எடையும் இறங்கியிருப்பது மற்ற காலில். மறைப்பு என்றால் தண்டனை என்று சித்தாந்தம் சொல்லவில்லை. உயிர் தன் வினையைத் தானே அனுபவித்துப் பக்குவப்பட இறைவன் தன்னை மறைத்துக்கொள்கிறான், அதுவும் கருணைதான் என்கிறது. தெரியாமல் தாங்குவது தெய்வத்தின் தொழில்களில் ஒன்று என்று ஒரு மதம் வகுத்து வைத்திருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. மூலை காக்கும் அந்தப் பையனிடம் இதைத்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டான்.

ஆனால் இங்கேயே நிறுத்திக்கொண்டால் நான் ஆபத்தான ஒன்றைச் சொல்லிக்கொடுத்தவனாகிவிடுவேன்.

'உன் இடத்தை விட்டு அசையாதே' என்பது தோட்டத்து மக்களுக்குப் புதிய உபதேசமா? கெடாவின் ரப்பர் தோட்டங்கள் அந்த ஒரு வாக்கியத்தின் மேல் கட்டப்பட்டவை. துரைக்கு மேட்டு பங்களா, கிராணிக்கு அதற்குக் கீழே வீடு, பால் வெட்டுகிறவனுக்கு லயம். அவன் பிள்ளைக்கும் அதே லயம், அதே கத்தி. தோட்டத்துக்கு வருமுன் ஊரிலும் சாதி அதையேதான் சொல்லியிருந்தது. பிறர் தர்மத்தை நன்றாகச் செய்வதைவிடத் தன் தர்மத்தைக் குறையாகச் செய்தாலும் மேல் என்று கீதையின் மூன்றாம் அத்தியாயம் சொல்வதைக் காட்டி எத்தனை தலைமுறையை உட்காரவைத்தார்கள்! தாங்குவது புண்ணியம் என்று தாங்குகிறவனுக்கு மட்டும் போதித்தால், அது ஆன்மிகம் இல்லை. மேலே உட்கார்ந்திருப்பவனின் சௌகரியம்.

அப்படியானால் காவலுக்கும் சிறைக்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் ஆள் அசையாமல்தானே நிற்கிறான்? நான் இதற்குப் பதில் தேடியது சாத்திரத்தில் இல்லை, பக்கத்திலிருக்கும் பீடோங்கில்.

ஜப்பான்காரன் போன பிறகு, 1946–47-இல், கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை எழுந்தது. பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி அதன் தலைவர். கள் தோட்டத்துச் சனத்தின் கூலியை உறிஞ்சிக்கொண்டிருந்த காலம். பல தோட்டங்களில் கள்ளுக்கடை நிர்வாகத்தின் ஆதரவிலேயே நடந்தது. சம்பளம் வாங்கிய ஆள் வீட்டுக்குப் போகுமுன் கடைக்குப் போவான். தொண்டர்கள் கடை வாசலில் வரிசையாக நின்றார்கள். வேலை அவ்வளவுதான்: நிற்பது, வழியை அடைப்பது, உள்ளே போகிறவனைத் திருப்பி அனுப்புவது. 1947-இல் பீடோங்கில் போலீஸ் மறியலைக் கலைத்தபோது ஒரு தொழிலாளி உயிரிழந்தார். பிறகு ஹார்வர்ட் தோட்டத்துக்குள் புகுந்து பலரைக் கைது செய்தார்கள். பால் வெட்டும் கையோடு, கூலிக்காரர் என்ற பெயரோடு வாழ்ந்தவர்கள்தான் அங்கே நின்றவர்கள். ஆனால் அன்று அவர்கள் நின்ற இடத்தை வேறு யாரும் அவர்களுக்கு ஒதுக்கிக் கொடுக்கவில்லை. பெரட்டில் துரைக்காக நின்ற அதே கால்கள், கடை வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் அடுப்புக்காக நின்றன.

நான் பிடித்துக்கொண்டிருக்கும் வித்தியாசம் இதுதான். நிற்பது யாருக்காக என்று நிற்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது அவன் கை கோத்திருக்கும் ஆளுக்காக இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. அவன் விரும்பினால் முன்னால் போகும் வழி திறந்திருக்க வேண்டும். என் அப்பாவின் காவலில் முதலாவது பாதிதான் இருந்தது. இரண்டாவது இல்லவே இல்லை. ஜாகாவை யாரும் எப்போதும் கிராணி ஆக்கப் போவதில்லை. அவர் அந்த வேலையை மனமொப்பிச் செய்தார், அதை நான் மதிக்கிறேன், அதற்காக அந்த அமைப்பை மன்னிக்க எனக்கு மனமில்லை.

கபடியின் விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, களத்தில் நிற்கும் எவனும் பாடிப் போகலாம் என்பது. மூலைக்காரன் மூலைக்காரனாகவே பிறந்தவன் இல்லை. ஆனால் நடைமுறையில் பெரும்பாலான அணிகள் நெட்டையான, வேகமான இரண்டு பேரைப் பாட விட்டு, மற்றவர்களைக் காலமெல்லாம் காக்க வைக்கின்றன. அப்படிச் செய்தால் சீக்கிரம் ஜெயிக்கலாம், உண்மைதான். இருந்தாலும் பதினாறு வயதுப் பையனுக்கு அவன் யார் என்பதை விளையாட்டுத்திடலில் வைத்து முடிவுகட்டிவிடும் உரிமை எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. எங்கள் பயிற்சியில் எல்லோரும் பாட வேண்டும், எல்லோரும் மூலையில் நிற்க வேண்டும். கணக்குப் புத்தகத்தில் தொடு புள்ளி, பிடி புள்ளிக்குப் பக்கத்தில் வெற்றுப் பாட்டுக்கும் ஒரு பத்தி போட்டேன். எதிரணிக்காரன் தொடாமல் திரும்பினால், எந்தப் பக்கம் அவனைத் திருப்பியதோ அந்தப் பக்கத்து மூலை, இன், கவர் மூன்று பேர் பெயரிலும் ஒரு கோடு. சில சமயம் எது திருப்பியது என்று பையன்களுக்குள் சண்டையே வரும். அந்தச் சண்டை எனக்குப் பிடித்திருக்கிறது. நடக்காமல் போனதற்கு யார் காரணம் என்று அவர்கள் யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

எங்கள் நல்ல ரைடருக்குத்தான் இது ஒத்துவரவில்லை. மூலையில் நிறுத்தினால் பொறுமையில்லாமல் பாய்கிறான், கால் நிற்பதில்லை. போன வாரம் அவன் அம்மா வேலை முடிந்து நேராகத் திடலுக்கே வந்துவிட்டார். "மாஸ்டர், பாடுற புள்ளைய மூலையில நிறுத்துனா மாவட்டத்துக்கு ஆள் எடுக்க வர்றவங்க எப்படிப் பார்ப்பாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு ஒரே மகன். விளையாட்டில் பெயர் வந்தால் மேற்படிப்புக்கு வழி பிறக்கும் என்ற கணக்கு அவருடையது.

பார்ப்பார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. "அக்கா, இவன் பாடிப் போகும்போது பின்னால நிக்கிற ஆறு பேரையும் இவனுக்குத் தெரியணும். அங்க நின்னு பார்க்காதவனுக்கு அது தெரியாது" என்றேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மகனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, மாவட்டப் போட்டி முடியும் வரை பார்க்கிறேன், அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.