வாய் கேட்பதும் இருதயம் கேட்பதும்

வாசகரே, உமது ஆசைகளில் ஒன்று இன்றைக்கே நிறைவேறும் என்றால் எதைக் கேட்பீர்? அவசரப்பட வேண்டாம். வாயால் கேட்பது அல்ல, இருதயத்தின் அடியில் எது கிடக்கிறதோ அதுவே கொடுக்கப்படும் என்றால், அப்போதும் துணிந்து கேட்பீரா?

இந்தக் கேள்வியை நம்முன் வைக்கிறது, ஆந்திரேய் தார்க்கோவ்ஸ்கி 1979-ம் ஆண்டில் எடுத்த "ஸ்டாக்கர்" என்னும் ருஷ்யப் படம். ஸ்துருகாத்ஸ்கி சகோதரர்களின் விஞ்ஞானக் கற்பனைக் கதையைத் தழுவியது அது. மனிதர் நுழையக்கூடாதென்று துப்பாக்கிக் காவல் போட்ட ஒரு பாழ்நிலம். அதனுள் இடிந்த கட்டடம். அங்கே ஓர் அறை. அதில் நுழைபவனின் உள்ளார்ந்த ஆசை நிறைவேறும் என்கிறார்கள். வாழ்வில் சலிப்புற்ற ஓர் எழுத்தாளரையும் ஒரு பேராசிரியரையும் ஒரு வழிகாட்டி அங்கே களவாய் அழைத்துப் போகிறான்.

இவனுக்கு முன் வேறொரு வழிகாட்டி இருந்தான். முள்ளம்பன்றி என்பது அவன் பட்டப்பெயர். அவனால் அவன் தம்பி அந்த நிலத்தில் மாண்டான். பின்பு அவன் அறைக்குள் போனான். வெளியே வந்ததும் பெரும் பணக்காரனானான். ஒரு வாரத்தில் தூக்கிட்டுக்கொண்டான். ஏன்? எழுத்தாளர் ஊகித்துச் சொல்கிறார்: தம்பியின் உயிரை அவன் வாய் கேட்டது, அறையோ அவன் இருதயம் கேட்டதைக் கொடுத்தது. தான் யார் என்று கண்டுகொண்ட பின் அவனால் வாழ முடியவில்லை.

இதை அறிந்தபின் வாசல்வரை வந்த எவரும் உள்ளே போகவில்லை. தீயோர் கைக்கு அறை போகாதபடி அதைத் தகர்க்க வெடிகுண்டு கொண்டுவந்த பேராசிரியரும் அதைப் பிரித்து எறிந்துவிடுகிறார். இது கோழைத்தனமா? நான் அப்படி நினைக்கவில்லை. தன் உள்ளத்தைத் தான் அறியவில்லை என்று ஒப்புக்கொள்வது ஞானத்தின் முதற்படி. ஆனால் முதற்படியிலேயே நின்றுவிடலாமா?

படத்தின் இறுதியில் வழிகாட்டியின் மனைவி நம்மை நேராகப் பார்த்துப் பேசுகிறாள். சிறைக்குப் போய் வருகிற கணவன், நடக்க இயலாத மகள், தீராத வறுமை. துன்பம் வரும் என்று தெரிந்தே அவனை மணந்தாளாம், ஒருநாளும் வருந்தவில்லையாம். அவள் எந்த அறையையும் தேடிப் போனதில்லை. வாழ்வின் பொருளைத் தேடியலைந்த இரு அறிவாளிகளுக்கும் கிட்டாதது, நாள்தோறும் அடுப்பு மூட்டிய அவளிடம் இருந்தது.

வாசகரே, இருதயம் ஒரே நாளில் உருவாவதில்லை. முள்ளம்பன்றியின் பண ஆசையும் அறைக்குள் பிறந்ததல்ல. அதை அவன் தன்னோடு கொண்டு போனான். நம் ஆசை எதுவென்று அறிய அந்த அறை தேவையில்லை. சென்ற வாரத்தை எண்ணிப் பாரும்: உமது பணம் எங்கே போயிற்று? ஓய்வு நேரம் யாருக்குக் கிடைத்தது? தூக்கம் வராத இரவில் மனம் எதைச் சுற்றியது? அங்கேதான் உமது உண்மையான வேண்டுதல் இருக்கிறது. அது பிடிக்கவில்லையா? நல்லது, அதை மாற்ற நாளைக் காலை இருக்கிறது. முள்ளம்பன்றி தனக்கு மறுத்துக்கொண்டது அந்தக் காலையைத்தான்.